குல்நாரின் சர்க்கரைக் கிண்ணம்

அக்டோபர் 3, வியாழன். ரஷ்த்.

ஈரான் என்றால் பாலைவனமும் ஒட்டகமும் என்று நினைத்து, வழியனுப்ப வந்த உலகக் கவிதை மன்றத்தார் "வெயில்ல உடம்பப் பாத்துக்குங்க மேடம்" என்றார்கள். வந்து இறங்கியதிலிருந்து மழை. தெஹ்ரானிலிருந்து மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கினால் ஓட்டு வீடு, வயல், வாய்க்கால், மூன்று வேளையும் சோறு, மீன். நாகர்கோவிலிலிருந்து கிளம்பி இன்னொரு நாகர்கோவிலுக்கு வந்திருக்கிறேன். ஒரே வித்தியாசம், இங்கே தலையில் துணி போட வேண்டும். அது என் தலையில் நிற்கமாட்டேன் என்கிறது.

குல்நார் தைலமி யார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் அவள் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதத்தான் வந்திருக்கிறேன், குறிப்பு குறிப்பாக இருக்கட்டும். நவீனப் பாரசீகக் கவிதையில் தன் பெயரில் தன் உடம்பைப் பற்றியும் தன் கோபத்தைப் பற்றியும் எழுதிய பெண்களில் ஒருத்தி. நாற்பத்திரண்டு வயதில், சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போனாள். அவளை ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவந்தது நான். கல்லூரியில் முப்பது வருடம் ஆங்கிலம் கற்பித்ததில் உருப்படியாக நடந்த காரியம் அதுதான்.

தமிழ்நாட்டுக்கு அவளுடைய ஒரே ஒரு கவிதைதான் தெரியும். நான் மொழிபெயர்த்த 'விருந்தாளி'.

*விளக்கு அழகு என்றாய்.*
*எடுத்துக்கொள், உன்னுடையதுதான் என்றேன்.*
*ஜன்னல் அழகு என்றாய்.*
*எடுத்துக்கொள், உன்னுடையதுதான்.*
*கதவு அழகு என்றாய்.*
*எடுத்துக்கொள், உன்னுடையதுதான்.*
*நீ போனபின் இருட்டில் அமர்ந்திருக்கிறேன்.*
*உன் நன்றி மட்டும் மீதமிருக்கிறது வீட்டில்.*

இதைக் கல்யாணப் பத்திரிகையில் போடுகிறார்கள். கடைசி இரண்டு வரியை வெட்டிவிட்டுப் போடுகிறார்கள். கீழே என் பெயர்கூட இருக்காது. தைலமி என்பதைப் பார்த்துவிட்டு நாட்டு மருந்துக் கம்பெனியா என்று என்னிடம் கேட்டவர்களும் உண்டு. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு இருட்டில் உட்காரும் காதல் இது என்று முன்னுரையில் எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன். யார் படித்தார்கள்?

மன்றத் தலைவர் தணிகைவேலன் குளியலறை ஓடு விற்பவர். அவருக்குக் கவிதை என்றால் மேடை, மேடை என்றால் பொன்னாடை. குல்நாரின் தொண்ணூறாவது பிறந்தநாள் விழா நவம்பரில் சென்னையில். "மேடம், அவங்க யூஸ் பண்ணின பொருள் ஏதாவது ஒண்ணு கொண்டாந்துருங்க. கண்ணாடிப் பெட்டி ரெடியா இருக்கு" என்றார். பெட்டி முதலில், பொருள் பிறகு. இவர்கள் இலக்கியம் செய்யும் முறையே இதுதான்.

அக்டோபர் 4, வெள்ளி

மொழிபெயர்ப்பாளராக வாய்த்தவர் கியூமர்ஸ். ஐம்பதை நெருங்கும் ஆள், இங்கே மருந்துக்கடை வைத்திருக்கிறார். வாலிபத்தில் கோயம்புத்தூரில் பார்மசி படித்தவர். பாரசீகக் கவிஞரின் தங்கை பேசுவதை ஒரு பாரசீகர் எனக்குக் கொங்குத் தமிழில் சொல்லப்போகிறார். "வாங்கக்கா, பிரயாணமெல்லாம் நல்லாருந்துங்களா?" என்று ஆரம்பித்தபோது என் காதையே நம்பவில்லை. கடையை மூடிவிட்டு எனக்காக வந்திருக்கிறாரே என்று ஒப்புக்குக் கேட்டேன். "சும்மாதானுங்க உக்காந்திருக்கேன்" என்றார். வியாபாரம் இல்லைபோலிருக்கிறது.

தங்கை பெயர் மெஹ்ரி. நாம் 'அம்மா' சேர்ப்பதுபோல் மரியாதைக்குக் 'கானும்' சேர்த்து மெஹ்ரி கானும் என்கிறார்கள். எண்பத்திரண்டு வயது. குல்நார் பிறந்த, குல்நார் செத்த அதே வீட்டில் தனியாக இருக்கிறாள்.

வீட்டுக்குள் போய்ச் சுற்றிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. சுவரில் படங்கள் மாட்டியிருந்த இடமெல்லாம் வெளுத்த சதுரங்கள். ஜன்னலோரம் கம்பளத்தில் நாலு பள்ளம், எழுதும் மேஜை நின்ற இடம். மேஜை இல்லை. விளக்கு இல்லை. பேனா, மூக்குக்கண்ணாடி, சீப்பு, எதுவும் இல்லை. எல்லாவற்றையும் விற்றுத் தின்றிருக்கிறாள். ஒரு மகாகவி வாழ்ந்த வீட்டைக் காப்பாற்ற இவளுக்கு வேறென்ன வேலை இருந்தது? நம்மூரில்தான் இந்தக் கதி என்று நினைத்திருந்தேன்.

"மேஜை எங்கே?" என்று கேட்டேன். கிழவி ஏதோ சொன்னாள். கியூமர்ஸ் கொஞ்சம் தயங்கி, "ஜெர்மனியில இருக்குதுங்களாம்" என்றார். ஜெர்மனிக்கே விற்றிருக்கிறாள். சாமர்த்தியசாலி.

திரும்பும் வழியில் ஹோட்டலுக்குப் பக்கத்தில் குலூச்சே கடை. உள்ளே வால்நட் வைத்துச் சுடும் தடித்த பிஸ்கட். ஒரு பொட்டலம் கட்டச் சொல்லிப் பர்ஸைத் திறந்தேன். கடைக்காரர் நெஞ்சில் கை வைத்து, தலையைக் குனிந்து, வேண்டாம் என்றார். "நீங்க எங்க விருந்தாளிங்கிறாருங்க" என்றார் கியூமர்ஸ். நன்றி சொல்லிவிட்டுப் பொட்டலத்தோடு வெளியே வந்தேன். கியூமர்ஸ் குடையை மறந்துவிட்டேன் என்று திரும்ப உள்ளே போனார். குடை அவர் கையில்தான் இருந்தது. மறதிக்காரர்.

நம்மூர் கடைக்காரர்களை இங்கே அழைத்துவந்து ஒரு வாரம் நிற்கவைக்க வேண்டும்.

அக்டோபர் 5, சனி

இன்று கிழவி வாயைத் திறந்தாள். குறிப்பு:

அப்பா அரிசி ஆலை வைத்திருந்தார். பதினேழு வயதில் குல்நாரைத் துறைமுகத்துச் சுங்க அதிகாரிக்குக் கட்டிக்கொடுத்தார். அவன் நல்லவன்தான், ஆனால் இவள் எழுதியதையெல்லாம் சத்தமாக வாசித்துக்காட்டி நண்பர்களோடு சிரிப்பானாம். ஐந்து வருடம் கழித்து ஒரு பெட்டியோடு வந்துவிட்டாள். அதன்பிறகு தெஹ்ரானில் ஒரு பெண்கள் பத்திரிகையில் சமையல் பக்கம் எழுதிப் பிழைத்தாள். கத்தரிக்காய் சுடுவது எப்படி என்று எழுதிய அதே மேஜையில்தான் கவிதையும். அவள் கவிதைகளைத் திருப்பி அனுப்பிய பத்திரிகை ஆசிரியர், அவள் செத்த மறு வருடமே 'நான் கண்டெடுத்த குல்நார்' என்று எழுதினாராம். உயிரோடு இருந்தவரை ஒரு கூட்டம் அவளை நடத்தை கெட்டவள் என்றது. செத்தபின் இன்னொரு கூட்டம் புனிதவதி என்கிறது. பள்ளிப் பாடத்தில் ஒரு கவிதை வைத்து, அதில் இரண்டு வரியை எடுத்துவிட்டார்கள். செத்துப்போன பெண்ணை ஆளுக்கொரு கை பிய்த்துப் போவதில் எல்லா நாட்டு இலக்கியவாதிகளும் ஒரே சாதி.

"அக்கா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டேன். கிழவி யோசிக்கவே இல்லை. "ரொம்ப சிரிக்க வெப்பாங்களாம்" என்றார் கியூமர்ஸ். "வயிறு வலிக்குமாம்." சிரிக்க வைப்பாளாம். நான் பத்து வருடம் உட்கார்ந்து மொழிபெயர்த்த துயரத்தைப் பற்றிச் சொந்தத் தங்கைக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

பிறகு தேநீர் வந்தது. இங்கே சர்க்கரையைக் கலக்குவதில்லை. கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு தேநீரை அதன் வழியாக உறிஞ்ச வேண்டும். சர்க்கரைக்கட்டி வைத்திருந்த கிண்ணத்தைப் பார்த்தேன். நீலக் கண்ணாடி. கையடக்கம். மூடியின் ஓரத்தில் சின்ன உடைசல்.

குல்நாருடையது. மூடியை அவள்தான் உடைத்தாளாம், வீட்டுக்கு வந்த ஒரு விமர்சகர் மேல் எறிந்து. நோயில் படுத்த கடைசி மாதங்களில் வாய்க்குப் பிடித்தது எதையும் டாக்டர்கள் சாப்பிட விடவில்லை. படுக்கைப் பக்கத்தில் இந்தக் கிண்ணத்தை வைக்கச் சொல்லி, மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவாளாம். கிழவி அதற்குப்பின் நாற்பத்தெட்டு வருடமாக இரண்டு வேளைத் தேநீருக்கும் இதிலிருந்துதான் சர்க்கரை எடுக்கிறாள். எதிரே ஒரு காலி தம்ளரும் வைத்துக்கொள்கிறாள்.

"ரொம்ப அழகாக இருக்கிறது" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

கிழவி உடனே கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து என் பக்கம் நகர்த்தினாள். "பீஷ்கெஷ்."

"உங்களுதுதானுங்க, எடுத்துக்குங்கங்கிறாங்க" என்றார் கியூமர்ஸ். குரல் ஒரு மாதிரி இருந்தது.

எடுத்துக்கொள், உன்னுடையதுதான். கவிதையே எழுந்து என் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. "ஐயோ, வேண்டாம்" என்று மரியாதைக்குச் சொன்னேன். மறுபடியும் அதே சொல். ஏற்காவிட்டால் மனம் நோவாளே என்று எடுத்துக்கொண்டேன். கட்டிகளைத் தட்டில் கொட்டி, கிண்ணத்தைத் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி, அவளே என் பையில் வைத்தாள். மறுபடி வெளியே எடுத்து, இன்னொரு தாள் சுற்றி வைத்தாள். வயது.

மேஜையை ஜெர்மனிக்கு விற்றவள் இதை எனக்குச் சும்மா கொடுத்தாள் என்றால், என் மொழிபெயர்ப்புக்கு அந்த வீட்டில் மதிப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

அக்டோபர் 6, ஞாயிறு

தணிகைவேலனுக்குப் படம் அனுப்பினேன். ஐந்தாவது நிமிடம் போன். "மேடம், மலைச்சுப் போயிட்டேன். ஃபிளெக்ஸுக்குக் குடுத்தாச்சு. 'கவிஞர் கரம் பட்ட கிண்ணம், முதன்முறையாகத் தமிழ் மண்ணில்.' உங்க ஃபோட்டோ லெஃப்ட்ல, கிண்ணம் சென்டர்ல, நான் ரைட்ல." குல்நார் எங்கே என்று கேட்டேன். "மேல சின்னதா வெச்சுருக்கோம் மேடம்." அந்த மனிதரிடம் கோபித்துக்கொள்வதும் சுவரிடம் கோபித்துக்கொள்வதும் ஒன்று.

மூன்றாவது நாளும் குலூச்சே இலவசம். கடைக்காரர் முகத்தில் முதல் நாள் இருந்த மலர்ச்சி இல்லை. வீட்டில் ஏதாவது பிரச்சினையாக இருக்கும்.

அக்டோபர் 7, திங்கள்

தேநீர் வந்தது. சர்க்கரைக்கட்டி ஒரு பிளாஸ்டிக் மாத்திரை டப்பாவில் வந்தது. கியூமர்ஸ் கடை டப்பா, லேபிளைக்கூட முழுசாகக் கிழிக்கவில்லை. குல்நாரின் தங்கைக்கு ரசனை என்பது துளியும் கிடையாது. வீட்டில் வேறு கிண்ணமா இல்லை?

நான் உட்காருவதற்குள் முதல் கேள்வி, "கிண்ணம் சௌக்கியமா?" கிண்ணத்துக்கு என்ன சௌக்கியம்? பத்திரமாக இருக்கிறது என்றேன். ஹோட்டலில் எங்கே வைத்திருக்கிறேன், ஜன்னலோரமா, அலமாரியா? அலமாரி. திறந்து மூடும்போது ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னாள். பேசிக்கொண்டிருக்கும்போதே கை பழக்கத்தில் மேஜையின் நடுவுக்குப் போகும், டப்பாவைத் தொட்டதும் திரும்பிவிடும். பிள்ளையை விடுதியில் சேர்த்த தாய் மாதிரி இரண்டு மணி நேரம் இதே பாடு. கொடுத்த பொருளை விசாரித்துக்கொண்டே இருப்பது நாகரிகமா?

இன்று அவள் ஒரு கட்டிகூட எடுக்கவில்லை. வெறும் தேநீர் குடித்தாள்.

அக்டோபர் 8, செவ்வாய்

மழை. தொண்டை கட்டிவிட்டது. குலூச்சே கடைக்காரர் என்னைத் தூரத்தில் கண்டதும் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

அக்டோபர் 9, புதன்

புத்தகத்தின் முதல் அத்தியாயத்தைத் தொடங்கினேன். 'கொடுத்துக் கொடுத்தே காலியான வீடு' என்று தலைப்பு. நன்றாக வந்திருக்கிறது.

அக்டோபர் 10, வியாழன்

இங்கே வியாழன் பிற்பகல் கல்லறைக்குப் போகும் நாள். பன்னீர் ஊற்றிக் கல்லைக் கழுவுகிறார்கள். பிறகு ஒரு கூழாங்கல்லால் கல்லறையை மெல்லத் தட்டுகிறார்கள், வந்திருக்கிறோம் என்று உள்ளே இருப்பவருக்குச் சொல்ல. குல்நாரின் கல்லை நானும் தட்டினேன். நாகர்கோவிலிலிருந்து சுபத்ரா வந்திருக்கிறேன் என்று மனதில் சொன்னேன். கண் கலங்கியது, மறைப்பானேன்.

அப்போது கல்லூரிப் பெண்கள் ஒரு ஏழெட்டுப் பேர் வந்தார்கள். ஒருத்தி 'விருந்தாளி'யைச் சொல்ல ஆரம்பித்தாள். பாரசீகம் தெரியாவிட்டாலும் அந்தக் கவிதையின் நடை எனக்குத் தெரியும். இரண்டாவது 'பீஷ்கெஷ்' வந்ததும் மற்றவர்கள் சிரித்தார்கள். மூன்றாவதுக்கு இன்னும் சத்தமாக. சொல்பவளே இடையில் குரலை மாற்றி, விருந்தாளி ஜன்னலைப் பெயர்த்துத் தோளில் வைத்துக்கொண்டு தள்ளாடிப் போவதுபோல் நடித்துக் காட்டினாள். கடைசி வரியில் ஒருத்தி கல்லறை மேலேயே சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

என் கூட்டங்களில் இந்தக் கடைசி வரிக்குப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள்.

"ஏன் சிரிக்கிறார்கள்?" என்றேன்.

"சின்னப் புள்ளைங்கக்கா, சும்மா சிரிக்குதுங்க."

"சும்மா யாரும் கல்லறையில் சிரிக்கமாட்டார்கள். சொல்லுங்கள்."

கியூமர்ஸ் குடையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். "அது சிரிப்புக் கவிதைங்கக்கா" என்றார்.

பிறகு வாய்க்கால் மதகில் உட்கார்ந்து சொன்னார். இங்கே ஒருவர் உன் பொருள் அழகு என்றால், உன்னுடையதுதான் எடுத்துக்கொள் என்று சொல்வது மரியாதை. வேண்டாம் என்பது பதில் மரியாதை. மறுபடி சொல்வார்கள், மறுபடி மறுக்க வேண்டும். யாரும் எடுப்பதில்லை. கொடுப்பவருக்கும் தெரியும், மறுப்பவருக்கும் தெரியும். கடைக்காரர் காசு வேண்டாம் என்பதும் அதுதான். அந்தக் கவிதையில் வருகிறவன் ஒரு முட்டாள் விருந்தாளி. சொன்னதையெல்லாம் நிஜம் என்று நினைத்து விளக்கு, ஜன்னல், கதவு என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போகிறான். வீட்டுக்காரி மரியாதையை விட முடியாமல் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். குல்நார் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் கிண்டல் செய்கிறாள். இந்த ஊரில் ஸ்கூல் பிள்ளைக்கும் இது தெரியும்.

நழுவிய தலைத்துணியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"மேஜை?" என்று கடைசியில் கேட்டேன்.

"ஜெர்மனியிலிருந்து ஒரு புரொபசரம்மா வந்திருந்தாங்கங்க. மேஜை நல்லாருக்குன்னாங்க." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "விளக்கு லண்டன்காரரு. படமெல்லாம் ஒரு சினிமா எடுக்கறவங்க. எங்க ஊர்க்காரங்க யாரும் எதும் எடுக்கலீங்கக்கா."

"திருப்பிக் கேட்க வேண்டியதுதானே?"

"விருந்தாளி சங்கடப்படுவாங்கல்லங்க."

அக்டோபர் 10, அதே நாள், சாப்பாட்டுக்குப் பின்

இந்த ஆள் ஒரு வாரமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். எடுத்துக்குங்க என்று வாய் கூசாமல் மொழிபெயர்த்தார். ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? இதைத்தான் முகத்துக்கு நேராகக் கேட்டேன்.

"நீங்க அவங்க கவிதைய தமிழ்ல எழுதினவங்க. உங்களுக்குத் தெரியாதுன்னு நான் எப்பிடீங்கக்கா நெனைப்பேன்?" என்றார். பிறகு அவரே தொடர்ந்தார். "கோயமுத்தூர்ல நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மா, 'எப்ப வேணா சாப்பிட வா கண்ணு'ன்னாங்க. நான் தெனமும் போனேன். மூணு வேளையும். ரெண்டு மாசம் கழிச்சுத்தான் என் ஃபிரெண்டு சொன்னான், அது சும்மா பேச்சுக்குச் சொல்றதுன்னு. எனக்குச் செத்தரலாம்போல இருந்துச்சுங்க. அதான் உங்களுக்குச் சொல்ல மனசு வரலை."

வாசல்வரை வந்து "சாப்பிட்டுட்டுப் போலாமே" என்பவர்களிடம் "இப்பதான் சாப்பிட்டேன்" என்று பசியோடு பொய் சொல்லி வளர்ந்தவள் நான். ஒரு தடவையாவது செருப்பைக் கழற்றி உள்ளே போய் இலை போடச் சொல்லியிருப்பேனா? நம்மூரில் தெரிவது மலையைத் தாண்டினால் ஏன் தெரியாமல் போகிறது?

குலூச்சேக்கெல்லாம் காசு யார் கொடுத்தது என்று கேட்கவில்லை. அந்தக் குடையை நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 11, வெள்ளி

நிதானமாக யோசித்தேன். நான் கேட்கவில்லை. கொடுத்தாள். ஒருமுறை மறுத்தேன். சாட்சி இருக்கிறது. இங்கே ஒரு கிழவி இரண்டு வேளை சர்க்கரை எடுப்பதைவிட, அங்கே ஆயிரம் பேர் பார்ப்பது பெரிய காரியம் இல்லையா? மேஜையைக் கொண்டுபோனவளும் இப்படித்தான் யோசித்திருப்பாள். அவளுக்கு நல்ல வாதத்திறமை.

தணிகைவேலன் போன். "கிண்ணத்தை ஹேண்ட் லக்கேஜ்ல வைங்க மேடம். மொழிபெயர்ப்புச் செம்மல் பட்டமும் உங்களுக்குத்தான்னு முடிவு பண்ணிட்டோம்." கிண்ணம் வராமல் போனால் செம்மல் வேறு யாருக்கோ போகும் என்பதை அவர் சொல்லவில்லை. அவருக்கும் ஒரு மரியாதை இருக்கிறது.

திருப்பிக் கொடுத்தால் ஏன் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று சொன்னால் அந்த எட்டுப் பக்க முன்னுரையை நானே கிழிக்க வேண்டும். தமிழ்நாட்டில் எனக்கு இருக்கும் பெயர் அந்த ஒரு கவிதை.

கிண்ணத்தைப் பிரித்துப் பார்த்தேன். மூடியின் உடைசலில் விரல் வைத்தால் சரியாக உட்காருகிறது. தினமும் ஒரு விரல் அங்கே உட்கார்ந்து தேய்ந்திருக்கிறது.

கியூமர்ஸை அழைத்து, "நாளைக்கே கொடுத்துவிடுகிறேன்" என்றேன். அவர் சந்தோஷப்படவில்லை. "வாங்க மாட்டாங்கக்கா. குடுத்ததத் திருப்பி வாங்கினா உங்கள அவமானப்படுத்தின மாதிரி. வழி ஒண்ணே ஒண்ணுதானுங்க. நீங்க அத உங்க பொருளா மேஜையில வெக்கணும். அவங்க அழகா இருக்குன்னு சொல்லணும். அப்ப நீங்க பீஷ்கெஷ்ங்கணும். அவங்க மூணு வாட்டி வேண்டாம்பாங்க. நீங்க விடக்கூடாது."

ஒரு கிண்ணத்தை அதன் சொந்தக்காரிக்குக் கொடுக்க இத்தனை நாடகம். இந்த நாட்டைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துத்தான் குல்நாருக்கு எழுத வந்திருக்கும்.

அக்டோபர் 12, சனி

போகிற வழியில் கடைத்தெருவில் நல்ல சர்க்கரைக்கட்டியாக வாங்கிக் கிண்ணம் நிறையப் போட்டுக்கொண்டேன். காசு வேண்டாம் என்றார் கடைக்காரர். காசை அவர் மேஜை மேல் வைத்துவிட்டு வந்தேன்.

மெஹ்ரி கானும் தேநீர் கொண்டுவந்தாள். மாத்திரை டப்பாவும் வந்தது. நான் பையிலிருந்து கிண்ணத்தை எடுத்து மேஜையின் நடுவில் வைத்தேன். இன்றைக்கு என் சர்க்கரையில் குடிக்கலாம் என்று கியூமர்ஸ் மூலம் சொன்னேன். அவள் கிண்ணத்தைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

நான் காத்திருந்தேன். அவள் அரிசி விலை பேசினாள். மழை பேசினாள். என் தொண்டையை விசாரித்தாள், கியூமர்ஸிடம் ஏதோ மருந்து சொன்னாள். ஊரிலிருக்கும் எல்லாவற்றையும் பேசினாள், கிண்ணத்தைத் தவிர. தேநீர் ஆறிப்போயிற்று. வேறொருத்தியின் பொருளைப் புகழ்ந்தால் அவள் கொடுத்தாக வேண்டிவரும், அந்தச் சங்கடத்தை விருந்தாளிக்குத் தரக்கூடாது என்று இருக்கிறாள். எனக்கு அழுகையும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. எப்பேர்ப்பட்ட பிடிவாதம் பிடித்த கிழவி.

"அழகாயிருக்கிறதா என்று கேளுங்கள்" என்றேன்.

"அப்பிடி நேரா கேக்கக் கூடாதுங்கக்கா."

"கேளுங்கள் என்கிறேன். நான்தான் மரியாதை தெரியாதவள் என்று ஊருக்கே தெரியுமே."

கேட்டார். மெஹ்ரி கானும் நிமிர்ந்து முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தாள். பிறகு மிக மெதுவாக ஏதோ சொன்னாள்.

"ரொம்ப அழகா இருக்குதுங்களாம்."

"பீஷ்கெஷ்" என்றேன். பாடம் செய்து வைத்திருந்தேன். மூன்று தடவை மறுப்பாள், நான்காவது தடவைக்கும் சொல் தயாராக இருந்தது. கியூமர்ஸ் சுவரோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் மறுக்கவில்லை. ஒருமுறைகூட மறுக்கவில்லை. நான் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு கையும் நீண்டு கிண்ணத்தை எடுத்துக்கொண்டன. எண்பத்திரண்டு வருட மரியாதை அந்த ஒரு நொடியில் எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரிந்திருக்காது. கிண்ணத்தை மடியில் வைத்து, மூடியின் உடைசலில் விரலை வைத்துக்கொண்டு, அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

இத்தனை நாள் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கியூமர்ஸ் சொன்னது எதிலும் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து ஆறிய தேநீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினாள். ஒரு கட்டி எடுத்துப் பல்லில் வைத்துக்கொண்டாள். எனக்கும் ஒன்று எடுத்துக் கொடுத்தாள். நான் மரியாதைக்கு மறுத்தேன். இரண்டாம் முறையும் மறுத்தேன். மெஹ்ரி கானும் சிரித்துவிட்டாள். கியூமர்ஸிடம் ஏதோ சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

"என்ன சொல்கிறார்?"

"அக்கா இருந்திருந்தா உங்கள வெச்சு ஒரு கவிதை எழுதியிருப்பாங்கங்கிறாங்க."

நவம்பர் 9, சனி. சென்னை.

விழா நடந்தது. ஃபிளெக்ஸை மாற்ற நேரமில்லையாம், கிண்ணம் நடுவில் அப்படியே இருந்தது. கண்ணாடிப் பெட்டியும் இருந்தது, உள்ளே விளக்கு போட்டு, காலியாக. பெட்டிக்குக் கொடுத்த அட்வான்ஸ் திரும்பாதாம். செம்மல் பட்டம் குல்நாரின் பெயரை அன்று காலையில்தான் கேள்விப்பட்ட ஒரு பேராசிரியருக்குப் போயிற்று. அவர் பொன்னாடையை இரண்டு முறை வேண்டாம் என்று மறுத்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

எனக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். 'விருந்தாளி'யைப் புதிதாக மொழிபெயர்த்தது என்று சொல்லி வாசித்தேன். ஜன்னலைப் பெயர்த்துத் தோளில் வைப்பதுபோல் நடித்துக்கூடக் காட்டினேன், யாரும் சிரிக்கவில்லை. கடைசி வரிக்கு முன்வரிசைப் பெண்மணி முந்தானையை எடுத்தார். அது சிரிப்புக் கவிதை என்று நான் சொன்னபோது, அடக்கத்தில் பேசுகிறேன் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

இறங்கும்போது தணிகைவேலன் படிக்கட்டில் நின்றார். குரலைத் தாழ்த்தி, "என்ன மேடம், கையில கெடச்சதை விட்டுட்டு வந்துட்டீங்களே. அந்தம்மாதான் எடுத்துக்கச் சொன்னாங்கல்ல?" என்றார். பிறகு முகம் மலர்ந்து, "சரி, நம்ம வீட்டுக்கு ஒரு நாள் அவசியம் சாப்பிட வரணும்" என்றார்.

நாளைக்குக் காலையே வருகிறேன் என்றேன். மூன்று வேளைக்கும் இருப்பேன், உங்கள் வீட்டு ஹால் விளக்கு அழகாக இருக்கும் என்று கேள்வி என்றேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்க்க குல்நார் இல்லையே என்று இருந்தது.